பேப்பர் போடுவதற்கு முன்னால்

1955ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வில்லியம் ஷாக்லி ஆள் தேடிக்கொண்டிருந்தார். டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்தவர்கள் என்று உலகம் சொல்லும் மூவரில் அவர் ஒருவர். கலிபோர்னியாவில் தன் பெயரிலேயே ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கப் போகிறார். பணம் போட முன்வந்தவர் ஆர்னால்ட் பெக்மன், அறிவியல் கருவிகள் செய்து விற்ற தொழிலதிபர். சிலிக்கானில் டிரான்சிஸ்டர் செய்வது திட்டம். அந்தத் துறையில் இருந்த ஒருவருக்கு இதைவிட நல்ல அழைப்பு அன்றைக்கு வேறு இல்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வேலை பார்த்த பெல் ஆய்வகத்தின் சகாக்களை ஷாக்லி கூப்பிட்டுப் பார்த்தார்.

ஒருவரும் வரவில்லை.

கூடவே இருந்து வேலை பார்த்தவர்கள் ஏன் வரவில்லை என்பதற்கு ஒரு முன்கதை இருக்கிறது. 1947 டிசம்பரில் முதல் டிரான்சிஸ்டரை மேசைமேல் வைத்து இயக்கிக் காட்டியவர்கள் ஜான் பார்டீனும் வால்டர் பிராட்டெய்னும். ஷாக்லி அவர்களுடைய குழுத் தலைவர். அடுத்த சில வாரங்களில் அவர் தனியாக உட்கார்ந்து, அதைவிட மேலான ஜங்ஷன் டிரான்சிஸ்டருக்கான கோட்பாட்டை எழுதி முடித்தார். அது பெரிய சாதனைதான், சந்தேகமில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்த இருவரையும் முக்கியமான வேலைகளின் பக்கமே அவர் அண்டவிடவில்லை. பிராட்டெய்ன் வேறு குழுவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார். பார்டீன் அமைதியான மனிதர், குரலை உயர்த்திப் பேசாதவர். 1951இல் அவர் தன் சங்கடங்களை எழுத்தில் வைத்து மேலதிகாரியிடம் கொடுத்தார். ஒன்றும் மாறவில்லை. அந்த ஆண்டே இல்லினாய் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார்.

அங்கே போய், சில பொருட்களில் மின்தடை அடியோடு மறைந்துபோகும் மீக்கடத்துதிறன் என்ற புதிரில் கை வைத்தார். 1957இல் அதற்கான கோட்பாட்டை இரண்டு இளைஞர்களுடன் சேர்ந்து வெளியிட்டார். 1972இல் அதற்கு இரண்டாவது நோபல் பரிசு கிடைத்தது. இயற்பியலில் இரண்டு முறை நோபல் வாங்கிய ஒரே மனிதர் இன்றுவரை அவர்தான். பெல் ஆய்வகத்தில் திறமைக்குக் குறைவில்லை, பணத்துக்கும் குறைவில்லை. ஒரு குழுத் தலைவரின் பொறாமையைக் கண்டும் காணாமலும் விட்டதற்கு அது கொடுத்த விலை பார்டீன்.

சென்னையின் ஐ.டி. அலுவலகங்களில் ஒருவர் ராஜினாமா செய்வதை "பேப்பர் போட்டுட்டான்" என்பார்கள். மேலாளர் அந்தச் செய்தியைக் கேட்டதும் முகம் வெளிறி, "என்னப்பா திடீர்னு?" என்று கேட்பார். அந்தத் "திடீர்" பெரும்பாலும் உண்மையில்லை. பார்டீனைப் போல, பேப்பர் போடுவதற்கு முன்னால் ஏதோ ஒரு நாள், ஏதோ ஒரு வடிவத்தில், அவர் பேசியிருப்பார். அந்தப் பேச்சு எங்கே போனது என்பதுதான் இங்கே விஷயம்.

ஷாக்லிக்கே திரும்பலாம். தெரிந்தவர்கள் வராததால் தன்னைப் பற்றித் தெரியாத இளைஞர்களைத் தேடினார். நல்ல மூளையை அடையாளம் காண்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஃபில்கோ நிறுவனத்திலிருந்த ராபர்ட் நாய்ஸ், வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கியிருந்த கார்டன் மூர், சுவிட்சர்லாந்துக்காரரான ஜீன் ஹெர்னி, எம்.ஐ.டி.யில் படிப்பை முடித்த ஜே லாஸ்ட் என்று ஒவ்வொருவராகக் கொண்டுவந்து சேர்த்தார். எல்லோரும் முப்பதை ஒட்டிய வயதினர். மவுன்டன் வியூ என்ற சிற்றூரில், சான் அன்டோனியோ சாலையில் 391ஆம் எண் கட்டடம். சுற்றுவட்டாரத்தில் ஆப்ரிகாட் தோட்டங்களும் பிளம் தோட்டங்களும் இருந்த காலம் அது. சிலிக்கான் பள்ளத்தாக்கு என்ற பெயரை இன்னும் யாரும் வைக்கவில்லை.

வேலைக்கு எடுக்கும் முன்பே ஒவ்வொருவரையும் உளவியல் சோதனைக்கு அனுப்பினார் ஷாக்லி. சேர்ந்த பிறகு எல்லோருடைய சம்பளத்தையும் பட்டியல் போட்டு ஒட்டினார். ஒளிவுமறைவில்லாமல் இருப்பது நல்லதுதானே என்று தோன்றலாம். ஒருவரை ஒருவர் முறைத்துப் பார்த்துக்கொள்ளத்தான் அது உதவியது. தன் ஆட்கள் ஒரு முடிவைக் கொண்டுவந்து காட்டினால், பெல் ஆய்வகத்துக்குப் போன் போட்டு அது சரியா என்று கேட்பார், அதுவும் அந்த ஆள் எதிரிலேயே. 1956இல் நாய்ஸ் ஒரு புதுவகை டையோடுக்கான யோசனையைக் கொண்டுபோனார். ஷாக்லி அதில் அக்கறை காட்டவில்லை. ஏறக்குறைய அதே யோசனையை ஜப்பானில் சோனி நிறுவனத்தில் இருந்த லியோ எசாகி தனியாகக் கண்டடைந்து வெளியிட்டார். 1973இல் எசாகிக்கு நோபல் கிடைத்தது.

எல்லாவற்றுக்கும் உச்சம் ஒரு குண்டூசிக் கதை. அலுவலகத்தில் ஒரு பெண் ஊழியரின் கட்டைவிரலில் ஏதோ கீறி ரத்தம் வந்தது. யாரோ வேண்டுமென்றே செய்த சதி என்று முடிவுகட்டிய ஷாக்லி, ஊழியர்களைப் பொய் கண்டறியும் கருவியின் முன்னால் உட்கார வைக்கக் கிளம்பிவிட்டார். ஷெல்டன் ராபர்ட்ஸ் என்ற உலோகவியலாளர் அந்தப் பொருளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். தலை உடைந்துபோன ஒரு சாதாரண நோட்டீஸ்போர்டு குண்டூசி. அவ்வளவுதான். ஆனால் "உங்களை நான் நம்பவில்லை" என்று முதலாளி சொன்னதை நுண்ணோக்கியால் திருப்பி எடுக்க முடியவில்லை.

1956 நவம்பரில் ஷாக்லி, பார்டீன், பிராட்டெய்ன் மூவருக்கும் சேர்த்து நோபல் அறிவிக்கப்பட்டது. மவுன்டன் வியூவில் எல்லோரும் கூடிக் கொண்டாடினார்கள். அடுத்த சில மாதங்களில் நிலைமை இன்னும் மோசமானது. சிலிக்கான் டிரான்சிஸ்டர் செய்யலாம் என்று சொல்லிக் கூட்டி வந்தவர், அதைத் தள்ளி வைத்துவிட்டு, தன் மனதுக்குப் பிடித்த நான்கு அடுக்கு டையோடின் பின்னால் போனார்.

இந்த இடத்தில் அந்த இளைஞர்கள் செய்ததைக் கவனிக்க வேண்டும். ராஜினாமா அவர்களுக்கு முதலில் தோன்றிய வழி இல்லை. 1957 மே மாதம் பணம் போட்ட பெக்மனிடமே முறையிட்டார்கள். நேரில் உட்கார்ந்து பேசினார்கள். ஷாக்லியை வீட்டுக்கு அனுப்பச் சொல்லவில்லை. அவருடைய அறிவின்மேல் எல்லோருக்கும் மரியாதை இருந்தது. அவர் ஆலோசகராக இருக்கட்டும், ஒரு பேராசிரியர் பதவி ஏற்பாடு செய்யலாம், அன்றாட நிர்வாகத்துக்கு வேறொருவரைப் போடுங்கள் என்றார்கள். பெக்மனும் முதலில் தலையாட்டினார். பிறகு மனம் மாறினார். நோபல் வாங்கிய மனிதரை அப்படி நகர்த்தினால் அவருடைய பெயர் என்னாவது என்ற யோசனை வென்றுவிட்டது. இடையில் ஒரு மேலாளரை நியமித்து, ஷாக்லிதான் தலைவர், ஒத்துப்போங்கள் என்று சொல்லிவிட்டார்.

அத்தனை பேரும் வாய்விட்டுச் சொல்லிவிட்ட பிறகு, பழைய மனிதரின் கீழேயே மறுபடி போய் உட்கார வேண்டும். முறையிட்டவர்கள் யார் யார் என்று அவருக்கும் தெரிந்துவிட்டது. எந்த அலுவலகத்திலும் இதைவிடத் தாங்க முடியாத நாட்கள் கிடையாது. பேசாமல் இருந்திருந்தால்கூட இன்னும் கொஞ்ச காலம் ஓட்டியிருப்பார்கள்.

அந்த இளைஞர்களில் ஒருவரான யூஜின் கிளைனர், தன் தந்தைக்குக் கணக்கு இருந்த நியூயார்க் பங்குத்தரகு நிறுவனம் ஒன்றுக்குக் கடிதம் எழுதினார். தனித் தொழில் தொடங்கும் ஆசை அந்தக் கடிதத்தில் இல்லை. எங்களைக் கூட்டாக வேலைக்கு எடுத்துக்கொண்டு நல்ல நிர்வாகம் தரக்கூடிய ஒரு நிறுவனத்தைக் காட்டுங்கள் என்றுதான் கேட்டிருந்தார்கள். உலகத்தின் மிகச் சிறந்த சிலிக்கான் நிபுணர்கள் வேண்டிக்கொண்டது அவ்வளவுதான்: ஒரு நல்ல மேலாளர். அந்தத் தரகு நிறுவனத்திலிருந்த ஆர்தர் ராக் என்ற இளைஞர்தான் நீங்களே ஒரு கம்பெனி ஆரம்பித்தால் என்ன என்று கேட்டார். முப்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்களின் கதவைத் தட்டினார்கள். எல்லோரும் கையை விரித்தார்கள். கடைசியில் கேமரா நிறுவனம் நடத்திய ஷெர்மன் ஃபேர்சைல்ட் பணம் தர ஒப்புக்கொண்டார். அந்தத் தேடலைத் தொடங்கும் முன், ராக்குடன் செய்துகொள்ள ஒப்பந்தத்தாள் தயாராக இல்லாததால், ஒரு டாலர் நோட்டுகளில் ஆளுக்கொரு கையெழுத்துப் போட்டு, அதையே ஒப்பந்தமாக வைத்துக்கொண்டார்கள். 1957 செப்டம்பர் 18 அன்று எட்டுப் பேர் வேலையை விட்டார்கள்: நாய்ஸ், மூர், ஹெர்னி, லாஸ்ட், கிளைனர், ராபர்ட்ஸ், ஜூலியஸ் பிளாங்க், விக்டர் கிரினிச்.

வரலாற்றில் அவர்களுக்குத் "துரோகிகள் எட்டுப் பேர்" என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. நேராகப் போய்க் குறையைச் சொல்லி, தீர்வையும் சொல்லி, மாதக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு அந்தப் பெயர் பொருந்தவே பொருந்தாது. ஷாக்லியின் ஆய்வுக்கூடம் ஒருபோதும் லாபம் பார்க்கவில்லை. 1960இல் பெக்மன் அதை விற்றுவிட்டார். அந்த எட்டுப் பேர் தொடங்கிய ஃபேர்சைல்ட் செமிகண்டக்டரோ, 1958இல் ஐ.பி.எம்.முக்கு முதல் நூறு டிரான்சிஸ்டர்களை ஒன்று 150 டாலர் விலையில் விற்றது. 1959இல் ஹெர்னியின் பிளேனார் முறையும் நாய்ஸின் ஒருங்கிணைந்த சுற்றும் அங்கேதான் பிறந்தன. இன்று சட்டைப்பையில் இருக்கும் போன்வரை வந்து சேரும் பாதை அந்த நிறுவனத்தின் வழியாகத்தான் வருகிறது.

கதை இங்கே முடிந்திருந்தால், கெட்ட முதலாளி ஒருவர் தோற்றார், நல்லவர்கள் ஜெயித்தார்கள் என்று சொல்லி எழுந்துவிடலாம். முடியவில்லை.

ஆரம்ப ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது. தாய் நிறுவனமான ஃபேர்சைல்ட் கேமரா விரும்பினால் முன்பே பேசிய விலைக்கு எல்லாப் பங்குகளையும் வாங்கிக்கொள்ளலாம். 1959இல் 30 லட்சம் டாலருக்கு வாங்கியும் கொண்டது. எட்டுப் பேரும் நல்ல வசதி பெற்றார்கள், ஆனால் அன்றிலிருந்து மறுபடி சம்பளக்காரர்கள். கலிபோர்னியாவில் ஈட்டிய லாபம் நியூயார்க் பக்கத்திலிருந்த தலைமையகத்துக்குப் போனது. அங்கே அது வேறு தொழில்களுக்குச் செலவானது. இரவு பகலாக உழைத்த பொறியாளர்களுக்கும் கொஞ்சம் பங்கு கொடுங்கள் என்று மேற்கிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கிழக்கில் அதற்கு மனமில்லை. ஷாக்லியைப் போல இங்கே யாரும் கத்தவில்லை, யாரையும் சந்தேகிக்கவில்லை. கேட்டதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை, அவ்வளவே. பலன் ஒன்றாகவே இருந்தது.

1961லேயே ஹெர்னி, லாஸ்ட், கிளைனர், ராபர்ட்ஸ் நால்வரும் போனார்கள். 1965இன் கடைசியில் பாப் விட்லர் போனார். ஃபேர்சைல்டின் அனலாக் சிப்புகளுக்குச் சந்தையில் தனி மவுசு தேடித் தந்த வடிவமைப்பாளர் அவர். வெளியேறும்போது பல பக்கப் படிவம் ஒன்றை நீட்டி, ஏன் போகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அதை நிரப்பாமல், பணக்காரனாக வேண்டும் என்று ஒரே ஒரு வரி மட்டும் எழுதிக் கொடுத்தார் என்பது இன்றும் அந்தத் துறையில் சொல்லப்படும் கதை. பேராசைக்காரர் என்று அவரை ஒதுக்கிவிட நினைப்பவர்கள், அவர் உருவாக்கிய சிப்புகள் அந்த நிறுவனத்துக்கு எவ்வளவு சம்பாதித்துக் கொடுத்தன என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

1967இல் உற்பத்தியைத் தாங்கி நின்ற சார்லி ஸ்போர்க் நேஷனல் செமிகண்டக்டருக்குப் போனார், கூடவே சிலரையும் அழைத்துக்கொண்டு. 1968இல் தாய் நிறுவனத்தின் தலைவர் நாற்காலி காலியானது. அந்தக் குழுமத்தையே தூக்கி நிறுத்திய நாய்ஸுக்கு அதைக் கொடுக்கவில்லை. அந்த ஜூலையில் அவரும் மூரும் சேர்ந்து இன்டெல் தொடங்கினார்கள். அதற்குப் பிறகுதான் தலைமையகம் விழித்துக்கொண்டது. மோட்டரோலாவிலிருந்து லெஸ்டர் ஹோகனை, அன்றுவரை அந்தத் துறை கேள்விப்பட்டிராத சம்பளத்துக்கு அழைத்து வந்தது. உள்ளேயிருந்தவர்கள் கேட்டபோது இல்லாத பணம், வெளியிலிருந்து ஒருவர் வரும்போது இருந்தது. ஹோகன் தன் ஆட்களைக் கொண்டுவந்து நிரப்ப, ஃபேர்சைல்டில் இருந்த ஜெர்ரி சாண்டர்ஸ் வெளியே தள்ளப்பட்டார். 1969இல் அவரும் சிலரும் சேர்ந்து ஏ.எம்.டி.யைத் தொடங்கினார்கள். அதே ஆண்டு சன்னிவேலில் நடந்த ஒரு மாநாட்டுக்கு வந்திருந்த ஏறத்தாழ 400 செமிகண்டக்டர் பொறியாளர்களில், ஒரு காலத்திலும் ஃபேர்சைல்டில் வேலை பார்க்காதவர்கள் இரண்டு டஜன் பேர்தான் என்பார்கள்.

ஆல்பர்ட் ஹெர்ஷ்மன் என்ற பொருளியலாளர் 1970இல் ஒரு சிறிய புத்தகம் எழுதினார்: "வெளியேற்றம், குரல், விசுவாசம்". நைஜீரியாவின் ரயில்வே ஏன் சீரழிந்துகொண்டே போனது, ஆனாலும் ஏன் திருந்தவில்லை என்ற கேள்வியில் அது பிறந்தது. லாரிகள் வந்ததும், ரயிலின் குறைகளைத் தட்டிக் கேட்கக்கூடிய பெரிய வாடிக்கையாளர்கள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். மிஞ்சியவர்களுக்குக் குரல் இல்லை. நட்டம் வந்தாலும் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்பதால் ரயில்வேக்குக் கவலையும் இல்லை. வேலையிடத்துக்கும் இது அப்படியே பொருந்தும். முதலில் போகிறவர் பெரும்பாலும் வேறிடத்தில் வேலை எளிதாகக் கிடைக்கிறவர், அதனாலேயே துணிந்து பேசக்கூடியவர். அவர் போனதும் கூட்டங்களில் அமைதி வந்துவிடும். மேலாளர் அதை நல்ல சூழல் என்று எடுத்துக்கொள்வார்.

இந்திய ஐ.டி. துறையில் இந்த அமைதி 2021, 2022இல் உடைந்தது. இன்ஃபோசிஸில் 2022 ஜூன் காலாண்டில் தாமாக வேலையை விட்டவர்களின் ஆண்டு விகிதம் 28.4 சதவீதம். டி.சி.எஸ்.ஸில் அந்த ஆண்டு செப்டம்பர் காலாண்டில் 21.5 சதவீதம். கொரோனாவுக்குப் பின் உலகம் முழுக்க மென்பொருளுக்குத் தேவை பெருகியது, வேலை குவிந்தது, அதனால் ஆட்கள் தாவினார்கள் என்பது உண்மைதான். ஆனால் கதவு திறந்ததும் நாலில் ஒருவர் ஓடுகிறார் என்றால், கதவு மூடியிருந்தபோது உள்ளே என்ன நடந்தது என்றும் கேட்க வேண்டும்.

நடந்தது ஒன்றும் ரகசியமில்லை. கல்லூரியிலிருந்து நேராக எடுக்கும் புதியவர்களுக்கான சம்பளம் பத்தாண்டுகளுக்கும் மேலாக ஆண்டுக்கு மூன்று, மூன்றரை லட்சத்தைச் சுற்றியே நின்றது. ஐந்து ஆண்டு கூடவே இருந்தவருக்கு அப்ரைசலில் ஒற்றை இலக்க ஹைக். அதே அனுபவத்தோடு வெளியிலிருந்து வருபவருக்கு அவரைவிடக் கூடுதல் சம்பளம், பக்கத்து நாற்காலியிலேயே. இருப்பவரைத் தண்டித்து வருபவரை வரவேற்கும் இந்த ஏற்பாட்டை ஃபேர்சைல்ட் 1968இல் செய்து பார்த்து, அதற்கான விலையையும் கொடுத்துவிட்டது.

ஆட்கள் போவதைத் தடுக்க நிறுவனங்கள் கைவசம் வைத்திருப்பது என்ன? 90 நாள் நோட்டீஸ் பீரியட். பேப்பர் போட்ட பிறகு மூன்று மாதம் இருந்தாக வேண்டும், இல்லையென்றால் ரிலீவிங் லெட்டர் வராது, அது இல்லாமல் அடுத்த இடத்தில் சேருவது கடினம். மனதளவில் போய்விட்ட ஒருவரை உடலளவில் தொண்ணூறு நாள் நிறுத்திவைப்பதால் யாருக்கு லாபம் என்று தெரியவில்லை. அந்த மூன்று மாதத்தில் அவர் இன்னும் இரண்டு இடங்களில் நேர்காணலுக்குப் போய் சம்பளத்தை ஏற்றிக்கொள்கிறார் என்பது சென்னையின் ஐ.டி. சாலையான ஓ.எம்.ஆர். முழுக்கத் தெரிந்த நடைமுறை. 2022இல் இன்ஃபோசிஸின் பணி நியமனக் கடிதத்தில் இருந்த ஒரு நிபந்தனை, வேலையை விட்டபின் ஆறு மாதம் அதே வாடிக்கையாளருக்காகப் போட்டி நிறுவனங்களில் வேலை செய்யக் கூடாது என்றது. அதை எதிர்த்து ஐ.டி. ஊழியர் சங்கம் ஒன்றின் புகார் மத்தியத் தொழிலாளர் அமைச்சகம்வரை போனது.

இன்னொன்று கவுன்டர் ஆஃபர். மூன்று ஆண்டாகக் கேட்டும் "பட்ஜெட் இல்லை" என்றவர்கள், பேப்பர் போட்ட மறுநாள் முப்பது சதவீதம் தருகிறோம் என்று வந்து நிற்பார்கள். அப்போது அந்த ஊழியருக்குப் புரிவது ஒன்றே: பணம் இருந்திருக்கிறது, நம்மிடம் பொய் சொல்லியிருக்கிறார்கள். கடைசி நாளன்று, அடையாள அட்டையையும் மடிக்கணினியையும் ஒப்படைக்கும் நேரத்தில் எச்.ஆர். வந்து ஏன் போகிறீர்கள் என்று கேட்பார். பி.எஃப். பணம், அனுபவச் சான்றிதழ், பின்னாளில் யாராவது போன் செய்து விசாரித்தால் சொல்ல வேண்டிய நல்ல வார்த்தை எல்லாம் அவர்கள் கையில் இருக்கும்போது யார் உண்மையைச் சொல்வார்கள்? "மேற்படிப்பு", "சொந்தக் காரணம்", "நல்ல வாய்ப்பு". அந்தப் பதில்கள் தொகுக்கப்பட்டு அறிக்கையாகி, நம் ஆட்கள் சம்பளத்துக்காகப் போகிறார்கள் என்ற முடிவாக மேலே போகும்.

அந்த முடிவு எவ்வளவு தவறு என்று 2022 ஜனவரியில் எம்.ஐ.டி. ஸ்லோன் மேலாண்மை இதழில் வந்த ஓர் ஆய்வு காட்டியது. டொனால்ட் சல், சார்லஸ் சல், பென் ஸ்வைக் மூவரும் அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களை எடுத்துக்கொண்டு, 2021இல் ஏப்ரல் முதல் செப்டம்பர்வரை எங்கிருந்து அதிகம் பேர் போனார்கள், எதனால் என்று ஆராய்ந்தார்கள். ஒரு நிறுவனத்தில் ஆட்கள் நிற்பார்களா போவார்களா என்பதைக் கணிப்பதில் சம்பளத்தைவிட நச்சுச் சூழல் 10.4 மடங்கு வலுவாக இருந்தது. அவமரியாதை, பாரபட்சம், நெறியற்ற நடத்தை ஆகியவையே அந்த நச்சு. காரணங்களின் வரிசையில் சம்பளத்துக்குக் கிடைத்தது 16ஆம் இடம். சம்பளம் முக்கியமில்லை என்று இதற்குப் பொருள் சொல்லக் கூடாது. வாடகையும் பள்ளிக் கட்டணமும் கட்டும் யாரிடமும் அப்படிச் சொல்ல முடியாது. மரியாதை இல்லாத இடத்தில் பணத்தைக் கூட்டிக்கொண்டே போனாலும் ஆள் தங்குவதில்லை என்பதே செய்தி.

சரி, யாராவது எப்போதாவது திருத்திக்கொண்டார்களா? முழுதாக என்று சொல்ல முடியாவிட்டாலும், ஒருவர் கணக்குப் பார்த்தார்.

1913இல் டெட்ராய்ட் பக்கத்திலிருந்த ஃபோர்டின் ஹைலேண்ட் பார்க் ஆலையில், ஏறத்தாழ 14,000 பேரை வேலையில் வைத்திருக்க அந்த ஓராண்டில் 52,000க்கும் மேற்பட்டவர்களை எடுக்க வேண்டியிருந்தது. வெளியேற்ற விகிதம் 370 சதவீதம். அந்த மார்ச் மாதம் மட்டும் 7,300 பேர் போனார்கள். அவர்களில் முறைப்படி சொல்லிவிட்டுப் போனவர்கள் 11 சதவீதம்தான். 71 சதவீதம் பேர் ஐந்து நாள் தொடர்ந்து வரவில்லை, அதனால் பெயர் அடிக்கப்பட்டது. பொங்கலுக்கு ஊருக்குப் போன பையன் திரும்பி வராதபோது நம்மூர்க் கடைகளிலும் பட்டறைகளிலும் இப்படித்தான் பெயரை அடிப்பார்கள்.

ஃபோர்டு என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது 1914 ஜனவரி 5 அன்று அறிவித்த ஐந்து டாலர் நாட்கூலி. அதற்குமுன் ஒன்பது மணி நேரத்துக்குக் கிடைத்தது சுமார் 2.34 டாலர். இனி எட்டு மணி நேரத்துக்கு ஐந்து டாலர். அடுத்த வாரம் உறையும் குளிரில் ஆலை வாசலில் பல ஆயிரம் பேர் குவிந்தார்கள். கூட்டத்தைக் கலைக்கத் தீயணைப்புக் குழாய்களால் தண்ணீரைப் பாய்ச்சினார்கள். ஆனால் அதற்கு மூன்று மாதம் முன்பே, 1913 அக்டோபரில், ஜான் லீ என்ற அதிகாரி சத்தமில்லாமல் ஒரு வேலை செய்திருந்தார். ஆட்கள் ஏன் போகிறார்கள் என்று விசாரித்தார். ஃபோர்மேன்களின் கொடுமை, ஆளுக்கொரு விதமான கூலி, மோசமான வீட்டுநிலை என்று பதில்கள் வந்தன. கூலியில் இருந்த 69 படிநிலைகளை எட்டாகச் சுருக்கினார். எல்லாவற்றையும்விட முக்கியமாக, நினைத்த மாத்திரத்தில் ஒருவரை வேலையைவிட்டுத் துரத்தும் அதிகாரத்தை ஃபோர்மேன்களிடமிருந்து பிடுங்கினார். கூலி உயர்வு பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதியிருக்கிறார்கள். அந்தக் கடைசிச் சீர்திருத்தம் ஒரு வரியில் கடந்துபோகிறது. தினமும் காலையில் யாருடைய முகத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்பது ஒரு தொழிலாளிக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிந்தவர்கள் அப்படிக் கடந்துபோக மாட்டார்கள்.

வெளியேற்ற விகிதம் 1914இல் 54 சதவீதம், 1915இல் 16 சதவீதம். செலவைக் குறைக்கத் தாங்கள் எடுத்த நடவடிக்கைகளில் மிகச் சிறந்தது அந்தக் கூலி உயர்வுதான் என்று ஃபோர்டே பின்னாளில் எழுதினார். இதையெல்லாம் புனிதமாக்கவும் வேண்டியதில்லை. ஐந்து டாலரில் பாதி லாபப் பங்கு என்ற பெயரில் வந்தது. அதற்குத் தகுதி உண்டா என்று பார்க்க ஃபோர்டின் ஆட்கள் தொழிலாளியின் வீட்டுக்குள் நுழைந்து, குடிக்கிறாரா, சேமிக்கிறாரா என்று விசாரித்தார்கள். பெண்களுக்கு அது 1916வரை கிடைக்கவில்லை. மரியாதையும் வேவும் ஒரே கவரில் வந்தன.

நம் பக்கத்தில் மரியாதை பற்றிய இந்தக் கேள்வி ஒரு நாற்காலி வடிவத்தில் வந்தது. கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருவில் கடைகளில் வேலை பார்த்த பெண்கள், விஜி என்ற தையல்காரப் பெண்ணின் தலைமையில் "பெண்கூட்டு" என்ற அமைப்பாகத் திரண்டார்கள். முதலில் கேட்டது கழிப்பறை. அடுத்துக் கேட்டது, வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்கார அனுமதி. நாள் முழுக்க நிற்பதால் கால் வீங்குகிறது, நரம்பு சுருட்டிக்கொள்கிறது என்று பல ஆண்டு சொல்லிப் பார்த்தார்கள். கேரளம் 2018இல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது: எல்லா ஊழியருக்கும் உட்கார இருக்கை இருக்க வேண்டும். ஒரு ஸ்டூலுக்கு என்ன விலை இருக்கும்? அதைப் போட இரண்டு மாநிலச் சட்டமன்றங்கள் கூட வேண்டியிருந்தது.

துணிக்கடை வாசலில் "விற்பனைப் பெண்கள் தேவை, தங்குமிடம், உணவு இலவசம்" என்ற பலகை பண்டிகை முடிந்த பிறகும் கழற்றப்படாமல் தொங்கினால், உள்ளே போகும்போது கவுன்டருக்கு அந்தப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்க்கலாம். ஸ்டூல் இருக்கிறதா? இருந்தால், அதில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா, இல்லை பிரிக்காத துணிக்கட்டுகள் ஏறி உட்கார்ந்திருக்கின்றனவா?